காரணம், இரண்டு வரிக்குள்

பரிந்துரைக்கும் இயங்குதளம் என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே காரணம் என்று இன்னொரு கட்டம், பக்கத்திலேயே பொடி எழுத்தில் இரண்டு வரிக்குள் என்று ஒரு கண்டிப்பு. இந்தப் படிவத்தை அடித்த மகராசன் யாரோ, இரண்டு வரியாவது கொடுத்தானே என்று சுகிர்தா நினைத்துக்கொண்டாள். மணி பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம். பன்னிரண்டு மணிக்குக் கமிட்டி. அதற்குள் இந்தத் தாள் பிரின்சிபால் மேசைக்குப் போயாக வேண்டும். கல்லூரியின் மெயில் சர்வர் இவள் பொறுப்பு, அது ஓடுகிற பழைய பெட்டிக்கு ஆயுசு முடிந்துவிட்டது. பெட்டிக்கு என்று சொல்வதைவிட அதற்குள் இருக்கிற லினக்ஸுக்கு என்று சொல்ல வேண்டும். லினக்ஸ் என்கிற இயங்குதளம் மாவு மாதிரி, மாவு ஒன்றுதான், இட்லிக் கடை ஆயிரம். டெபியன் ஒரு கடை, உபுண்டு ஒரு கடை, பத்து வருஷமாக இவள் வாடிக்கை வைத்திருந்த சென்ட்ஓஎஸ் ஒரு கடை, அது போன வருஷம் ஜூன் மாதத்தோடு சொல்லிவிட்டே மூடிவிட்டது. இனிமேல் ஓட்டை விழுந்தால் அடைத்துத் தர ஆள் கிடையாது. எட்டு மாசமாக இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்து, இன்றைக்குக் காலையில் பல் தேய்க்கிறபோதுதான் சரி, ஆல்மா என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவுக்கு வந்திருந்தாள். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வருகிற முக்கால் மணி நேரமும் அந்த முடிவு அப்படியே இருந்தது. இந்தக் குளிர்ந்த சர்வர் அறைக்குள் வந்து சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேனாவைத் திறந்தபிறகு பேனா ஓட மாட்டேன் என்கிறது.

ஆல்மா என்று எழுதுவதில் என்ன வந்தது. சென்ட்ஓஎஸ்ஸின் பிள்ளை மாதிரிதான் அது, அதே வீட்டுப் பழக்கவழக்கம், அதே இடத்தில் அதே கோப்பு. பழைய பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே அள்ளிக் கொண்டுபோய்ப் புதுப் பெட்டியில் வைத்தால் தீர்ந்தது, ஒரு வரியைக்கூடத் திருப்பிப் படிக்க வேண்டாம். ராக்கி என்கிற இன்னொரு கடையும் அப்படித்தான். உபுண்டு என்றால் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்காரர்களுக்குச் சந்தோஷம், அவர்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். டெபியன் என்றால், டெபியன் என்று மனசு சொன்ன உடனே இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். பத்து வருஷம் கவலை இல்லை சார். இவள் குரல்தான் அது. இரண்டாயிரத்துப் பதினாலு ஆகஸ்டு மாதம், இதே கமிட்டி, வேறே பிரின்சிபால். சென்ட்ஓஎஸ்ஸுக்குப் பத்து வருஷ சப்போர்ட் தருகிறார்கள், பெரிய பெரிய ஆபீஸில் எல்லாம் இதன் குடும்பம்தான் ஓடுகிறது, நாம் மட்டும் ஏன் பழைய முறையில் கிடக்க வேண்டும். சென்னையில் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்த சூடு. அப்போது வயது முப்பத்தைந்து. பத்து வருஷம் என்பது ஒரு முடிவே இல்லாத நீளமாக இருந்தது. இப்போது பார்த்தால் பத்து வருஷம் முடிந்து எட்டு மாசமும் ஆகிவிட்டது. கவலை இல்லை என்று எவ்வளவு சுளுவாகச் சொல்லியிருக்கிறாள்.

தாணுலிங்கம் சார் அன்றைக்கு எதிர்நாற்காலியில் இருந்தார். இந்தக் கல்லூரிக்கு மெயில் என்று ஒன்று வந்த நாளிலிருந்து அதை வைத்துக் காத்தவர். இவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பூதப்பாண்டிக்காரர், வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் இரண்டு பேனா. இவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் கற்றுக்கொடுத்தது என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அவர் அப்படிக் கற்றுக்கொடுக்கிற ஆளும் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்தால் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். காலையில் வந்ததும் பேப்பர் படிக்கிறவர்கள் மாதிரி அவர் மெயில் லாக் படிப்பார். யார் வந்தார்கள், யாரை உள்ளே விட்டது, யாரைத் திருப்பி அனுப்பியது என்று சர்வர் வரிக்கு வரி எழுதி வைக்கிற குறிப்பு அது. பால் விடாத ஒரு கட்டன்சாயா ஆறுகிற வரைக்கும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, உதடு அசைய அசைய. இதை எதுக்கு சார் உக்காந்து படிக்கிறீங்க, ஆகாததைத் தள்ள ஒரு ரூல் போட்டா போகுதே என்று இவள் கேட்டபோது, "தள்ளுகதுக்கு முன்ன ஆரு வந்திருக்கான்னு பாக்கணும், கேட்டியா. பாத்திட்டுத் தள்ளு," என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு. அவருடைய டெபியன் பெட்டியில் ஒரு ஏற்பாடு இருந்தது. முதல்தடவை கடிதம் அனுப்புகிற யாராக இருந்தாலும் உடனே உள்ளே விடாது, அஞ்சு நிமிஷம் கழித்து வா என்று சொல்லும். திருட்டு மெயில் அனுப்புகிற மெஷினுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, போய்விடும். நிஜமான சர்வர் என்றால் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டும், அதற்குப் பிறகு அதற்கு என்றைக்கும் தடை இல்லை. அப்படிச் சொல்லுகிற பதிலை எல்லாரும் இங்கிலீஷில்தான் வைப்பார்கள். அவர் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக வைத்திருந்தார். முன்பின் தெரியாத ஆள், கொஞ்சம் கழிச்சு வாங்க. அந்தப் பக்கம் இருக்கிற மெஷினுக்கு அது என்ன புரியும், யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, "படிக்கிறவன் படிப்பான்," என்றார். இவளுக்கு அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டு நாள் அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த அஞ்சு நிமிஷம்தான் அவருக்கு எமனாக வந்தது என்று சொல்ல வேண்டும். முக்கியமான கடிதம் தாமதமாக வருகிறது என்று அப்போதைய பிரின்சிபாலுக்கு எரிச்சல். அந்த எரிச்சல் இருக்கிறது என்று தெரிந்துதான் இவள் கமிட்டியில் பேசினாள், தெரியாமல் ஒன்றும் பேசவில்லை. அதை இன்றைக்காவது ஒத்துக்கொள்ள வேண்டும். தாணு சார், டெபியனே இருக்கட்டும், மெதுவாகப் போனாலும் அது பாட்டுக்கு ஓடும், ஆளே இல்லாவிட்டாலும் ஓடும், நாளைக்கு நாம் இருக்கிறோமோ இல்லையோ என்று ஏதோ சொல்லிக்கொண்டு இருந்தார். இவள் நடுவில் புகுந்து, பழைய ஆட்களுக்குப் பழகினதுதான் பிடிக்கும் சார், அது சகஜம்தானே என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கிற மாதிரி ஏதோ செய்துவிட்டு, பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, திரும்ப மூடி, பையில் வைத்துக்கொண்டார். அந்த மூடி போடுகிற சத்தம் கேட்டதா, அல்லது இத்தனை வருஷத்தில் இவளாகச் சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை. ஒரு மாசத்தில் சென்ட்ஓஎஸ் வந்தது. அடுத்த மாசம் அவரைப் பரீட்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள், ஹால் டிக்கெட் அச்சடிக்க. அதற்கும் இவளுக்கும் சம்பந்தம் கிடையாது, இவள் அதைக் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. போகிற அன்றைக்கு அவர் இந்த அறைக்கு வந்து, புதுப் பெட்டியில் ஒரே ஒரு காரியம் செய்தார். மாசத்துக்கு ஒருதடவை லாக்கை மடித்து இன்னொரு டிஸ்கில் பத்திரமாக வைக்கிற ஒரு சின்ன ஏற்பாடு. இது கிடக்கட்டும், இடத்தை அடைக்காது என்றார். அடுத்த மே மாதம் தானாகவே ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வழியனுப்பு விழாவில் இவள்தான் பொன்னாடை போர்த்தினாள். அதில் ஒரு போட்டோ இருக்கிறது, இரண்டு பேரும் வேறே வேறே பக்கம் பார்த்துக்கொண்டு.

கதவு திறந்து வெளிச் சூடு முகத்தில் அடித்தது. மிக்கேல் அண்ணன், பிரின்சிபால் ஆபீஸ் அட்டெண்டர். "மேடம், சார் கேக்காரு. அந்தப் பேப்பர் ஆச்சா?" என்றார். "கொஞ்சம் இருங்கண்ணே, ஒரே ஒரு விஷயம் பாக்கணும்," என்றாள். "பன்னெண்டுக்குள்ள வேணுமாம்," என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார். பார்க்க வேண்டிய விஷயம் என்று ஒன்றும் இல்லை, வாயில் வந்த சாக்கு. ஆனால் சொல்லிவிட்டோமே என்று, புதுப் பெட்டிக்குப் போக வேண்டிய விதிகள் எத்தனை இருக்கும் என்று பார்க்கலாம் என அந்தக் கோப்பைத் திறந்தாள். யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்புவது என்று இவளே வருஷக்கணக்காக எழுதிச் சேர்த்த விதிகள். மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வரும், முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும், அதற்குக் கீழே எழுதியிருப்பதை அந்த மெஷின் திரும்பியும் பார்க்காது. உச்சியில் ஒரு வரி. இரண்டாயிரத்துப் பதினைந்து செப்டம்பரில் எழுதியது. அந்த மாசம் கல்லூரிக்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் குப்பை மெயில் வந்துகொண்டிருந்தது, எல்லாம் எங்கெங்கோ வீடுகளில் வைரஸ் பிடித்துக் கிடக்கிற கம்ப்யூட்டர்களிலிருந்து. மூன்று நாள் தூக்கம் இல்லாமல் பார்த்துவிட்டு, வீட்டு பிராட்பேண்ட் லைனிலிருந்து வருகிற எதையும் வாசலிலேயே திருப்பு என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டாள். திருப்பும்போது சொல்கிற பதிலை என்ன எழுதலாம் என்று யோசித்தபோது, அவர் செய்வது போல இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதத் தோன்றியது. இங்கே உமக்கு வேலை இல்லை. எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. ரஷ்யாவிலும் பிரேசிலிலும் இருக்கிற மெஷின்களுக்குத் தமிழில் ஒரு ஏச்சு. யாருக்குப் புரியப் போகிறது. இப்போதும் பார்த்ததும் லேசாகச் சிரிப்பு வந்தது. சரி, இத்தனை வருஷத்தில் இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கும் என்று ஒரு சின்ன ஆசை. தாணு சார் மடித்து மடித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போன லாக் எல்லாம் அந்தப் பழைய டிஸ்கில்தானே இருக்கிறது, பத்து வருஷமாக இவள் அதை ஒருதடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. தேடச் சொல்லிவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டாள்.

லட்சக்கணக்கில் வந்தது. எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். அனுப்பியவர் முகவரியை மட்டும் பிரித்து, ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்திருந்தால் காட்டு என்றாள், குப்பைக்காரன் ஒருதடவை வந்த பெயரில் மறுதடவை வரமாட்டானே. பட்டியல் சுருங்கிச் சுருங்கி ஒரு பக்கத்துக்கு வந்தது. அதில் ஓரிடத்தில் தாணு என்று ஆரம்பித்து, நடுவில் அந்த வட்டம் போட்ட ஏ, அதற்கப்புறம் பகவதி. பகவதி அக்கா அவர் மனைவி. மனைவி பேரில் முகவரி வாங்கி வீட்டிலேயே சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வைத்திருக்கிறார் மனுஷன். வேறு எப்படி இருப்பார். பூதப்பாண்டியில், மாடியிலோ அரிசிப் பானைக்குப் பக்கத்திலோ, ஒரு பழைய பெட்டியில் டெபியன் போட்டு, வீட்டு பிராட்பேண்ட் லைனில். வீட்டு லைனில். அந்தப் பெயரை மட்டும் தேடினாள். இருபத்துமூன்று வரி. இருபத்துமூன்றும் இவளைத் தேடி வந்து, வாசலில் நின்று, பதில் வாங்கிக்கொண்டு திரும்பியவை. இங்கே உமக்கு வேலை இல்லை. இங்கே உமக்கு வேலை இல்லை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அதே ஏச்சு, இவள் கையால் எழுதியது. உலகத்தில் எத்தனையோ லட்சம் மெஷினுக்கு அதைச் சொல்லியிருக்கிறது, அதில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் ஒரே ஒருத்தர்தான். படிக்கிறவன் படிப்பான் என்று அவர்தானே சொன்னார். வேறு யாராவது என்றால் இது பொதுவாகப் போட்ட ரூல் என்று நினைத்திருப்பார்கள், அவரும் விவரம் தெரிந்தவர்தான், ஆனால் தமிழில், அதுவும் அவருடைய பழக்கத்தையே எடுத்து, உமக்கு என்று. வேறே யாருக்கு என்று எடுத்துக்கொள்வார். கமிட்டியில் சிரித்துக்கொண்டே சொன்னதை இவள் எழுத்தில் போட்டுக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

முதல் வரி இரண்டாயிரத்துப் பதினைந்து நவம்பர், காலை ஆறு பத்து. சாயா குடிக்கிற நேரம். அடுத்த வாரம் ஒன்று, அதற்கடுத்த வாரம் ஒன்று. பிறகு ஒரு மாசம் இல்லை. பிறகு டிசம்பர் இருபத்துநாலு, கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பியிருப்பார், இந்த வேலையில் இருந்தபோது வருஷம் தவறாமல் இருபத்துநாலாம் தேதி காலையில் இவள் மேசைக்கு வந்து ஹேப்பி கிறிஸ்துமஸ் என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒன்று மட்டும் வருஷா வருஷம் நிற்காமல் இருக்கிறது. பதினாறு, பதினேழு, பதினெட்டு. உள்ளே என்ன எழுதியிருந்தார் என்று பார்க்க வழி கிடையாது. கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பியிருந்தால் எங்காவது ஒரு மூலையில் ஏதாவது மிச்சம் இருக்கும். இது யார், யாருக்கு என்று கேட்டதோடு வாசலில் நிறுத்திவிட்டது, கடிதம் உள்ளே வரவே இல்லை. தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, விஷயம் இல்லை. சுகிர்தா ஒவ்வொரு தேதியாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். இரண்டாயிரத்துப் பதினெட்டு அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, காலை நாலு ஐம்பது. இந்த ஒன்று மட்டும் நேரம் வேறே. நாலு ஐம்பதுக்கு அவர் ஏன் எழுந்தார் என்று யோசித்து, தேதியைத் திரும்பப் பார்த்து, வாயில் கையை வைத்துக்கொண்டாள். பகவதி அக்கா இறந்துபோன அன்றைக்கு.

பகவதி அக்காவை இவள் நாலைந்து தடவைதான் பார்த்திருப்பாள். ஆனால் ஆடிக்கும் தைக்கும் முந்திரிக்கொத்து செய்தால் ஒரு தூக்குவாளியில் போட்டு, சுகிர்தாவுக்கு என்று தனியாகக் கொடுத்துவிடுவாள், பாசிப்பருப்பு மாவில் வெல்லம் சேர்த்து உருட்டி, வாயில் போட்டால் கரைந்துவிடும். கடைசியாக வந்த வாளி இந்த அறையில்தான் இருக்கிறது, அதோ அலமாரியில், கேபிள் நுனியில் மாட்டுகிற கண்ணாடி முனைகளை அதில்தான் போட்டு வைத்திருக்கிறாள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே, எதையாவது போட்டுக் கொடுக்கலாம், கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்யும்போது கொடுக்கலாம் என்று இருந்து, அதற்குள் அவர் பரீட்சைப் பிரிவுக்குப் போய், பேச்சு குறைந்து, வாளி தங்கிவிட்டது. அக்கா போன சேதி இவளுக்குப் பன்னிரண்டு நாள் கழித்து லைப்ரரியில் யாரோ சொல்லித்தான் தெரியும். கேட்டதும் முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவ்வளவு தூரம் ஆகிவிட்டதா. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க யாரும் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை, காதில் விழுந்தாலே புறப்பட்டுப் போக வேண்டியதுதான், அது இவளுக்குத் தெரியாததா. தெரிந்தும் போகவில்லை. அவர் சொல்லவில்லையே, நான் எதற்குப் போக வேண்டும் என்று வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னாள். அவர் சொல்லியிருக்கிறார். விடியற்காலை நாலு ஐம்பதுக்கு, அக்காவைக் கூடத்தில் கிடத்திவிட்டு, எழுந்து போய் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதும்போது இவளுக்கும் ஒன்று எழுதியிருக்கிறார். மற்றவர்களுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். இவளிடமிருந்து மட்டும் உடனே, ஒரு நொடியில், பதில் வந்திருக்கும்.

ஐயோ ஆண்டவரே என்று மெதுவாகச் சொன்னாள். சர்வரின் விசிறி ஓடுகிற சத்தத்தில் அது இவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. அக்கா போனதற்கு அடுத்த வருஷம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தாள். கையில் ஒரு துணிப்பை, அதே வெள்ளைச் சட்டை, பையில் ஒரே ஒரு பேனா. இவள் கையைத் தூக்கினாள். அவர் பார்த்தார், நன்றாகவே பார்த்தார், பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பி ஒரு பஸ்ஸின் போர்டைப் படிக்க ஆரம்பித்தார். அது திருவனந்தபுரம் பஸ், அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என்ன திமிர் என்று இவள் தூக்கிய கையை இறக்கித் தலைமுடியைச் சரிசெய்கிற மாதிரி செய்துகொண்டாள். வீடு வந்து சேருகிற வரைக்கும் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தாள், யாராவது தாணு சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்று வெடுக்கென்று சொல்ல அது உதவியது. பூதப்பாண்டி இங்கிருந்து எத்தனை தூரம். ஒரு பஸ். ஒரு போன். அவர் மனசிலே இருந்தது இவளுடைய ஏச்சு, இவள் மனசிலே இருந்தது அவருடைய திமிர், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மெஷின்கள் சொன்னதைச் சொல்லிக்கொண்டு வாசலில் நின்றிருக்கின்றன. அதற்குமேல் ஒன்று இருந்தது, அதைப் பார்த்தபோதுதான் கண் கலங்கியது. இருபத்துமூன்றில் ஒரு கடிதம் இவள் பெயருக்கு வரவில்லை, போஸ்ட்மாஸ்டர் என்ற பெயருக்கு வந்திருந்தது. எந்த மெயில் சர்வரிலும் அந்தப் பெயருக்கு வருகிற கடிதத்தை மட்டும் தள்ளக் கூடாது, எனக்கு உங்கள் வாசலில் பிரச்சினை இருக்கிறது என்று சொல்ல வருகிறவன் தட்டுகிற கதவு அது. "அது ஆஸ்பத்திரி வாசலாக்கும், அதைப் பூட்டப்படாது," என்பார் தாணு சார். இவள் மறக்கவில்லை, போஸ்ட்மாஸ்டருக்கு விதிவிலக்கு எழுதித்தான் இருந்தாள். ஆனால் அந்த ஏச்சு வரியைப் பிற்பாடு அவசரத்தில் உச்சியில் கொண்டுபோய்ச் சொருகியதால் விதிவிலக்கு அதற்குக் கீழே போய்விட்டது. மேலே பொருந்தினால் கீழே பார்க்காது. ஒரு வரி மேலே, ஒரு வரி கீழே. லாக்கை ஒருநாள் காலை ஒரு சாயா ஆறுகிற நேரம் படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். ஒரே ஒருநாள். பத்து வருஷத்தில் மூவாயிரத்துச் சொச்சம் காலை வந்து போயிருக்கிறது.

கடைசி வரி போன டிசம்பர் இருபத்துநாலு, காலை ஆறு பன்னிரண்டு. இரண்டு மாசம்கூட ஆகவில்லை. வெட்கமே கிடையாதா சார் உங்களுக்கு என்று கேட்க வேண்டும் போல இருந்தது, போ போ என்று சொல்கிற வீட்டுக்கு வருஷா வருஷம் வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறீர்களே. ஆல்மா என்று எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். எல்லாம் அப்படியே அள்ளிக்கொண்டு போயிருக்கும், உச்சி வரியும் சேர்ந்து. இன்னும் பத்து வருஷத்துக்கு. அவருக்கு அறுபது ஆகிவிட்டது, அடுத்த பத்து வருஷமும் ஆறு பத்துக்கு எழுந்து வந்து நின்று திரும்பிப் போயிருப்பார், அல்லது ஒரு வருஷம் வராமல் நின்றிருப்பார், வராததுகூட இவளுக்குத் தெரிந்திருக்காது. டெபியன் என்றால் கோப்புகள் வேறே இடத்தில், பழக்கவழக்கம் வேறே, எதையும் அப்படியே அள்ள முடியாது. ஒவ்வொரு விதியையும் எடுத்து, படித்து, இது யாரை, எதற்கு என்று கேட்டுத்தான் வைக்க வேண்டும். ஒரு மாசம் ஆகும். ஆகட்டும். மிக்கேல் அண்ணன் மறுபடியும் கதவைத் திறந்து, கையில் கட்டியிருந்த வாட்சை மட்டும் காட்டினார். மணி பதினொன்று நாற்பத்தெட்டு. சுகிர்தா பேனாவை எடுத்தாள். பரிந்துரைக்கும் இயங்குதளம், டெபியன். காரணம். நிலையானது, நீண்டகால ஆதரவு உள்ளது, பராமரிப்பு எளிது, இப்படி எழுதினால் கமிட்டிக்குப் போதும். அவள் எழுதியது வேறே. 2014-ல் தாணுலிங்கம் சார் சொன்னார், அது முதல் வரி. நான் கேட்கவில்லை, அது இரண்டாவது. மிக்கேல் அண்ணன் தாளை வாங்கி ஒருதடவை படித்துப் பார்த்துவிட்டு, "இத அப்படியே குடுத்திரவா மேடம்?" என்றார். "குடுங்கண்ணே," என்றாள்.

உச்சி வரியை அழித்தாள். அழித்துவிட்டு, இல்லாமல் போயிற்றா என்று இரண்டு தடவை பார்த்தாள். பிறகு அவருக்கு எழுத உட்கார்ந்தாள். சார் என்று எழுதினாள். நலமா என்று எழுதி அழித்தாள். அது ஒரு தப்புதான் சார், ஆனால் என்று ஆரம்பித்து, அந்த ஆனாலைப் பார்த்ததும் அதையும் அழித்தாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான். சார், நீங்க அனுப்பின ஒண்ணுகூட என் கைக்கு வரல. இன்னைக்குத்தான் லாக்கைத் திறந்து பாத்தேன். அந்த வரி உங்களுக்குன்னு எழுதினது இல்ல, ஆனா எழுதினது நான்தான். அக்காவுக்கு நான் வராம இருந்தது பெரிய தப்பு. வாளி என்கிட்ட இருக்கு, கொண்டு வரலாமா. அனுப்பு என்பதை அழுத்திவிட்டு லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் பார்ப்பது போலக் கண்ணை அதிலேயே வைத்துப் பார்த்தாள். இவளுடைய சர்வர் பூதப்பாண்டிக்குப் போய்க் கதவைத் தட்டுவது தெரிந்தது. கதவு திறந்தது. அப்படியானால் பெட்டி ஓடுகிறது, ஆள் இருக்கிறாரா என்று பெட்டியை வைத்துச் சொல்ல முடியாது, ஆளே இல்லாவிட்டாலும் ஓடும் என்று அவர்தான் சொன்னார், ஆனாலும் இரண்டு மாசம் முன்னால் இருந்தார், இருப்பார். போ என்று சொல்லிவிடுவாரோ. சொன்னாலும் நியாயம்தான். பதில் வந்து விழுந்தது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். முன்பின் தெரியாத ஆள், கொஞ்சம் கழிச்சு வாங்க.

முதலில் மூச்சு வந்தது, அஞ்சு நிமிஷம்தானே, திரும்பத் தட்டினால் திறக்கும், என்றைக்கும் அப்படித்தான் திறக்கும். சொன்ன நேரத்துக்குத் தானே போய்த் தட்டச் சர்வருக்குத் தெரியும், இவள் ஒன்றும் செய்ய வேண்டாம். பிறகுதான் அந்த வரி உறைத்தது. ஒருதடவையாவது கடிதம் போட்டிருக்கிறவரிடம் அந்தப் பெட்டி இப்படிச் சொல்லாது. இத்தனை வருஷத்தில், ஒரு பொங்கலுக்கு, ஒரு துக்கத்துக்கு, சும்மா ஒருதடவை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கூட இவளிடமிருந்து அங்கே ஒன்றும் போனதில்லை, அது அதற்குத் தெரிந்திருக்கிறது. சுகிர்தா எழுந்து அலமாரியிலிருந்து வாளியை எடுத்து, கேபிள் முனைகளை மேசைமேல் கொட்டிவிட்டு, சால்வை நுனியால் உள்பக்கம் துடைத்தாள். பன்னிரண்டு மணிக்கு ஒரு நிமிஷம் இருந்தது. அவள் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, சொன்ன நேரம் ஆகட்டும் என்று காத்திருந்தாள்.